கோரினின் வலது கால்

எங்கள் மலைப்பக்கத்தில் ஒரு பெண்ணை உயர்வாகப் பேச வேண்டுமென்றால், "வாயைத் திறந்து ஒரு குறை சொன்னதில்லை" என்பார்கள். கோரின் மேகார்டைப் பற்றி சர்ச்சிலும் கடையிலும் எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள், என்னமோ பெரிய பட்டம் கொடுக்கிற மாதிரி. குறை சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லாமல் விட்டதற்கு அந்தப் பெண் பட்ட பாட்டைக் கண்ணால் பார்த்த யாரும் அந்தப் பட்டத்தைத் தன் மகளுக்குக் கேட்கமாட்டார்கள்.

மார்ச் மாதத்தில் ஒரு நாள் காலை, துவைத்த துணிக்கூடையோடு பின்வாசல் படியில் இறங்கும்போது வழுக்கி விழுந்து அவளுடைய வலது கணுக்கால் முறிந்தது. சேற்றில் உட்கார்ந்தபடியே கணவனைப் பார்த்து அவள் சொன்ன முதல் வார்த்தை, "ஐயோ, வியாழக்கிழமை உன்னை யாரு கூட்டிட்டுப் போவா?" என்பதுதான். கால் தொங்கிக்கொண்டிருந்தது. அது அப்புறம்தான் அவளுக்கு ஞாபகம் வந்தது.

கணவன் எஸ்டில், இருபது வருஷத்துக்கு மேல் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் குனிந்தே நடந்தவன். உள்ளே போன தூசி வெளியே வரவேயில்லை. இப்போது மூக்கில் குழாயும், சக்கரம் வைத்த சின்னத் தள்ளுவண்டியில் ஆக்சிஜன் சிலிண்டரும்தான் அவனுடைய கூட்டாளிகள். டாப்சன் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஆஸ்பத்திரியில் நுரையீரல் டாக்டர் ஒருவர் அவனைப் பார்த்துவந்தார். நிலைமை மோசமாகிறது என்று அவர் எழுதினால் எஸ்டிலின் பெயர் லெக்சிங்டன் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும். அங்கே பெயர் ஏறினால், செத்துப்போன யாரோ ஒரு புண்ணியவானின் நுரையீரல் இவனுக்குக் கிடைக்கலாம். அதற்கு அவர்கள் சொல்லும் நாளில் போய் ஊதிக் காட்ட வேண்டும், நடந்து காட்ட வேண்டும். கோரினுக்கு உலகத்தில் வேண்டியது அது ஒன்றுதான். எஸ்டில் மலையைத் தாண்டியாக வேண்டும்.

மலைக்கு அந்தப் பக்கம் போக பஸ் கிடையாது. ஆம்புலன்ஸைக் கூப்பிட எஸ்டில் விடமாட்டான். அது சாகக் கிடக்கிறவனுக்கு என்பான். அக்கம்பக்கத்தில் கேட்டிருக்கலாம். ஆனால் மேகார்டு வீட்டார் யாரிடமும் போய் ஒன்று கேட்பதை விட வெறுங்காலோடு மலையேறிவிடுவார்கள். இருந்தது எண்பதுகளில் வந்த, கியர் தானாக மாறுகிற ஒரு நீளமான பழைய ஆட்டோமேட்டிக் கார். ஊரில் எல்லோரும் அதைப் படகு என்றுதான் சொல்வார்கள். அதைப் பல வருஷமாக ஓட்டியவள் கோரின் ஒருத்திதான். பள்ளிக்கூடச் சமையலறை வேலைக்கு, சர்ச்சுக்கு, ஆஸ்பத்திரிக்கு என்று எல்லாவற்றுக்கும் அவள்தான் ஓட்டினாள். இப்போது அவள் வலது கால் முழங்கால் வரை மாவுக்கட்டில் இருந்தது.

"நான் ஓட்டுறேன்," என்றாள் வில்மா.

வில்மா எஸ்டிலின் தங்கை. ஒஹையோவில் டேட்டன் ஊரில் தொழிற்சாலை வேலை பார்த்து, அதை மூடியதும் திரும்பி வந்து, அண்ணன் வீட்டுக்குப் பின்னால் ஒரு டிரெய்லர் வீட்டில் குடியிருந்தாள். தலைக்குச் சிவப்புச் சாயம், வாயில் எப்போதும் டேட்டன் பெருமை. தவணையில் வாங்கி ஓட்டிய புதுக்காரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தவள்.

"டேட்டன்ல நாலு பக்கமும் லாரி நெருக்க தினம் வேலைக்குப் போய் வந்தவ நான். இந்த ஓட்டைப் படகு எனக்கு ஒரு பொருட்டா அண்ணே?"

"வாயால ஓட்டுறதுன்னா நீ சந்திரனுக்கே ஓட்டிட்டுப் போயிருவ," என்றான் எஸ்டில்.

வியாழக்கிழமை அண்ணனும் தங்கையும் கிளம்பினார்கள். கோரின் ஜன்னலோரம் உட்கார்ந்து அவர்கள் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மதியத்துக்கு முன்பே படகு திரும்பி வந்து வாசலில் நின்றது. வில்மாவின் முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"பாதி மலைகூட ஏறல அண்ணி. எஞ்சின் காட்டுக்கத்தல் கத்துது, வண்டி நகர மாட்டேங்குது. நான் மிதிக்க மிதிக்கக் கத்தல்தான் ஜாஸ்தியாகுது. பின்னாடி ஜல்லி லாரிக்காரன் ஹார்ன் அடிக்கிறான். அவன்தான் இறங்கி வந்து, பின்னாலயே உருட்டி இறக்க வழி காட்டினான்."

"வண்டிக்கு ஒண்ணும் இல்ல வில்மா. போன வாரம்கூட நான் ஏறினேனே."

"அப்ப நான் பொய் சொல்றேனா?"

"பொய்னு சொன்னேனா?"

பொய் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் வில்மா மலையேறின கதை ஊர் முழுக்கப் பரவிவிட்டது. டேட்டனில் ரோடு தட்டை, மலையைக் கண்டதும் டேட்டன்காரிக்குக் கால் நடுங்கிவிட்டது என்று சிரித்தார்கள். கோரின் சிரிக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு மன்னிப்புக் கேட்டு, அடுத்த வாரத்துக்கு நாள் வாங்கினாள். நாத்தனார் சொல்வது உண்மையாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம் அப்போதே அவளுக்குள் புகுந்துவிட்டது.

ஹோபர்ட் சைஸ்மோரிடம் காட்டுவதென்று முடிவானது. ஓடை வந்து ஆற்றில் சேருகிற இடத்தில் தகரக் கொட்டகை போட்டு கியர்பெட்டி வேலை பார்க்கிறவன். எஸ்டிலோடு ஒரே ஷிப்டில் சுரங்கத்தில் இருந்து, சீக்கிரமே வெளியே வந்துவிட்ட புத்திசாலி.

இங்கேதான் எங்கள் ஆட்களின் கோணல் புத்தி வேலை செய்தது. டாக்டரிடம் போவதற்கு முன்னால் குளித்து, நல்ல உள்ளாடை போட்டு, காதுக்குப் பின்னால்கூடத் தேய்த்துக் கழுவிக்கொண்டு போகிற ஜனங்கள் நாங்கள். வண்டிக்கும் அதே மரியாதைதான். இன்னொருத்தன் கொட்டகைக்கு அழுக்கு வண்டியை அனுப்பினால் மானம் போய்விடும். கோரின் உள்ளே தூங்கிக்கொண்டிருந்த நேரம் எஸ்டில் மூக்குக்குழாயோடு காருக்கு அடியில் படுத்து, கியர்பெட்டியின் பழைய ஆயிலை வடித்துவிட்டு, புது ஆயில் ஊற்றிவிட்டான். வெளியே வந்து எழுந்திருக்க முடியாமல் டயரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தவனை வில்மாதான் கண்டுபிடித்தாள்.

"உனக்கு மூளை கீளை கலங்கிப்போச்சா அண்ணே? மூச்சு விட வழியில்லாத ஆளு காருக்கு அடியில படுக்கிறான்!"

"கத்தாத. கோரினுக்குக் கேக்கப்போகுது."

கோரினுக்கு இரண்டு பேருமே ஒன்றும் சொல்லவில்லை. ஹோபர்ட்டுக்கும் சொல்லவில்லை.

ஹோபர்ட் கியர்பெட்டியின் ஆயில் அளவு பார்க்கிற குச்சியை உருவி, விரலில் தடவி, மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தான். செர்ரி இருமல் மருந்து மாதிரி சிவப்பாக, சுத்தமாக இருந்தது. பிறகு கோரினைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு அவனே ஓட்டிப் பார்த்தான். ஓடை ரோட்டில் போய், மலையில் முதல் சில வளைவுகள் ஏறி, திரும்பினான். படகு வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி கியர் மாறியது. முதல் கியர், இரண்டாவது, மூன்றாவது, எதிலும் ஒரு முனகல்கூட இல்லை.

கொட்டகையில் இறங்கியவன் கையைத் துடைத்துக்கொண்டு வில்மாவைப் பார்த்தான்.

"கியர்பொட்டி நல்லாத்தான் இருக்கு. அதுக்கு மேல ஒரு கால் உக்காந்திருக்கு பாரு, கோளாறு அதுலதான்."

"என் காலைச் சொல்றியா?"

"டேட்டன் காலைச் சொல்றேன்."

"ஹோபர்ட்டு, உன் பொண்டாட்டி ஏன் ஓடிப்போனான்னு ஊரே யோசிக்குது. எனக்கு இப்பதான் விளங்குது," என்று சொல்லிவிட்டு வில்மா வெளியே போய்விட்டாள். கோரின் மட்டும் சந்தோஷப்பட்டாள். வண்டிக்கு ஒன்றுமில்லை. வில்மா பழகிக்கொண்டால் போதும். எஸ்டில் மலையைத் தாண்டிவிடுவான்.

அடுத்த வியாழக்கிழமை மழை. இந்த முறை கோரினும் வந்தாள். பின்சீட்டில் மாவுக்கட்டுக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். எஸ்டில் முன்சீட்டில். வில்மா இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை நெரித்துப் பிடித்திருந்தாள். சரிவு ஆரம்பித்ததும், கோரின் தன் வாழ்நாளில் அந்தக் காரில் கேட்டறியாத சத்தத்தைக் கேட்டாள். எஞ்சின் அலறியது. வண்டி வேகம் குறைந்து, ஊர்ந்து, இழுக்க மாட்டேன் என்று நின்றேவிட்டது. கருகிய நாற்றம் உள்ளே வந்தது.

"பாத்தியா? பாத்தியா?" என்று வில்மா அழுதாள். "நான் என்ன பண்றேன்? மிதிச்சுக்கிட்டுத்தானே இருக்கேன்!"

ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். மலையில் கைப்பேசிக்கு உயிர் இருப்பதில்லை. பின்னால் யாரும் வரவில்லை. எஸ்டிலுக்குப் பயத்தில் மூச்சு வேகமாகி, சிலிண்டரின் திருகை அவனே கூட்டி வைத்துக்கொண்டான். சிலிண்டர் முள் இறங்குவதை கோரின் பின்சீட்டிலிருந்து பார்த்தாள். வில்மா மறுபடி மறுபடி முயன்றாள். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் நகர்ந்து அலறி நின்றது. மழையில் கண்ணாடியில் ஆவி படிந்தது. கோரின் ஆண்டவரைக் கூப்பிட்டாள். வெட்கமில்லாமல், சத்தமாக, சின்னப்பிள்ளை மாதிரி கூப்பிட்டாள். அவர் வரவில்லை. முள் சிவப்புக்கோட்டைத் தொட்டது.

"இறங்கு வில்மா. நான் ஓட்டுறேன்."

"மாவுக்கட்டோடயா?"

"இறங்குடி!"

பக்கத்துக் கதவைப் பிடித்து நொண்டி நொண்டி முன்னால் வந்து, வலது காலைக் குறுக்கே எஸ்டில் பக்கம் தூக்கிப் போட்டு, இடது காலால் ஆக்சிலேட்டரை மிதித்தாள். வில்மா பின்சீட்டில் ஏறி இரண்டு பேருக்கும் நடுவே தலையை நீட்டிக்கொண்டாள். கார் அலறியது. பிறகு சட்டென்று அலறல் அடங்கி, கியர் மாறி, நகர்ந்தது. வளைவு தாண்டி இன்னொரு வளைவு ஏறியது. மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் ஆஸ்பத்திரி இன்னும் தூரம். சிலிண்டர் அதுவரை தாங்காது. வீட்டில் பெரிய சிலிண்டர் இருந்தது, வீடுதான் கிட்ட. அகலமான ஒரு இடத்தில் கோரின் வண்டியைத் திருப்பினாள். திருப்பும்போது அவள் தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரிப் போனில் பேசிய பெண் கெட்டவள் இல்லை. விதியைச் சொன்னாள். அடுத்த வியாழக்கிழமையும் வராவிட்டால் இந்த டாக்டரிடம் அவருடைய இடம் வேறொருவருக்குப் போய்விடும், மறுபடி முதலிலிருந்து விண்ணப்பித்து இலையுதிர் காலத்தில் வரலாம் என்றாள். எஸ்டில் இலையுதிர் காலத்தைப் பார்ப்பானா என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. கோரினுக்குத் தெரியும் போல இருந்தது. அவள் சமையலறைத் தரையில் உட்கார்ந்து முட்டியில் முகத்தை வைத்துக்கொண்டாள். அடுப்பில் பீன்ஸ் அடிப்பிடித்துத் தீய்ந்த நாற்றம் வந்தும் எழுந்திருக்கவில்லை.

வில்மா அடுப்பை அணைத்துவிட்டு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"அண்ணி, ஒண்ணு கேக்குறேன். மலையில நீ என்ன பண்ணே?"

"ஓட்டினேன்."

"இல்ல. நான் உன் காலைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். கியர் மாறப்போற நேரத்துல நீ மிதியிலருந்து காலை எடுக்கிற. எடுத்துட்டு மறுபடி மெதுவா வைக்கிற."

"எடுக்கலயே."

"எடுக்கிற அண்ணி. இடது கால்ல செஞ்சதால பளிச்சுனு தெரிஞ்சுது."

கோரின் தன் காலைப் பார்த்தாள். எடுக்கிறேனா? யோசித்துப் பார்த்தாள். கார் எப்போது கியர் மாறும் என்று அவளுக்கு எப்போதுமே தெரியும். அந்தச் சமயத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுப்பாள், அவ்வளவுதான். கார் ஓட்டுவது என்றாலே அதுதான் என்று நினைத்திருந்தாள்.

"எல்லாரும் அப்படித்தானே ஓட்டுவாங்க?"

"டேட்டன்ல யாரும் அப்படி ஓட்டல. ஆட்டோமேட்டிக்னா அதுவா மாறணும். அதுக்குத்தானே அந்தப் பேரு!"

மறுநாள் காலை வில்மா ஹோபர்ட்டின் கொட்டகைக்கு முன்னால் நின்றாள். "நீ பக்கத்துல உக்காரு, நான் ஓட்டுறேன். வாயைத் திறந்தா பள்ளத்துல தள்ளிருவேன்," என்றாள். பின்சீட்டில் கோரின். கூட வந்த எஸ்டில் கொட்டகையிலேயே இருந்துகொண்டான். சரிவு வந்தது. வில்மா தன் டேட்டன் காலை அசைக்காமல் அழுத்தி வைத்தாள். எஞ்சின் அலறியது. ஹோபர்ட்டின் முகத்தில் இருந்த சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

"நிறுத்து. போதும், நிறுத்து."

கொட்டகைக்குத் திரும்பியதும் முதலில் ஆயில் குச்சியை உருவினான். இந்த முறை பழுப்பாக இருந்தது, கருகிய வாசனை அடித்தது.

"அன்னைக்கு ரத்தம் மாதிரி இருந்துச்சே. யாரு ஆயில் மாத்தினது?"

எஸ்டில் கொட்டகை வாசலில் ஸ்டூலில் உட்கார்ந்து தரையைப் பார்த்தான்.

"உங்கிட்ட அழுக்கா கொண்டாரக் கூடாதுன்னு..." என்றான்.

"அட மடையா! அந்த அழுக்கைப் பாத்துத்தானேடா நான் நோயைச் சொல்ல முடியும்!"

கோரின் கணவனைப் பார்த்த பார்வையில் அவன் இன்னும் சுருங்கிப்போனான். ஹோபர்ட் எஞ்சின் பக்கம் குனிந்து, மிதியிலிருந்து கியர்பெட்டிக்குப் போகிற ஒரு கம்பியை விரலால் தூக்கிக் காட்டினான். அது தொளதொளவென்று தொங்கியது. முனையில் அதைப் பிடித்திருந்த பிளாஸ்டிக் வளையம் தேய்ந்து பாதி காணாமல் போயிருந்தது.

"இதப் பாரு கோரின். நீ எவ்வளவு அழுத்தி மிதிக்கிறன்னு பொட்டிக்குச் சொல்றது இந்தக் கம்பிதான். அழுத்தி மிதிச்சா, உள்ள ஆயில் பிரஷர் ஏறி, சக்கரத்துக்கு இழுவை கொடுக்கிற தட்டுங்களை இறுக்கிப் பிடிக்கும். கம்பி தொங்கிப்போச்சு. நீ மலையேறுற சங்கதியே பொட்டிக்குத் தெரியல. லேசா பிடிக்குது, வழுக்குது, எரியுது. நீ காலை எடுத்துட்டா பாரம் குறைஞ்சிரும், லேசான பிடியே போதும். அதனால உனக்கு ஒண்ணுமே தெரியல."

"அப்ப உனக்கு ஏன் தெரியல?" என்றாள் வில்மா. விடுவாளா?

ஹோபர்ட் கொஞ்சநேரம் கையைத் துடைத்தான்.

"என் காலும் அதையேதான் பண்ணுது. இந்தப் பள்ளத்தாக்குல எவன் புதுக்கார் வாங்கினான்? எல்லாரும் பத்துக் கை மாறி வந்த வண்டிய ஓட்டிப் பழகினவங்க. சாகப்போற வண்டிய தாஜா பண்ணிப் பண்ணியே எங்க காலெல்லாம் அப்படி ஆயிருச்சு. நான் காலை எடுத்ததே எனக்குத் தெரியாது. உன்னைத் தப்பாப் பேசிட்டேன் வில்மா."

"பேசின," என்றாள் வில்மா. அதற்கு மேல் குத்தவில்லை.

ஹோபர்ட் கியர்பெட்டியின் அடிமூடியைக் கழற்றினான். உள்ளே கருஞ்சேறு, அதில் எரிந்த தட்டுகளின் துகள்.

"எத்தன நாளா இப்படி ஓட்டுற?"

"தெரியல ஹோபர்ட்டு. மூணு வருஷமிருக்கும். எஸ்டில் வேலைய விட்ட வருஷத்துல ஒரு தடவ மலையில லேசா வழுக்குச்சு. செலவு வேண்டாமேன்னு யாருகிட்டயும் சொல்லல. கொஞ்சம் காலை எடுத்தேன், சரியாயிருச்சு."

"சரியாகல. நீ காலால சமாளிச்சுக்கிட்டே, அவ்வளவுதான். அன்னைக்கே வந்திருந்தா இந்த வளையத்தை மாத்தி அனுப்பியிருப்பேன், ஒரு காபி குடிக்கிற நேரம்." அவன் குரலில் கோபமில்லை, அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. "நீ நல்லபடியா ஓட்டி ஓட்டியே இதைக் கொன்னுட்ட, கோரின்."

புது வளையம் போட்டு, கம்பியை இழுத்துக் கட்டி, ஆயில் ஊற்றினான். எரிந்த தட்டுகளுக்கு அவனால் ஒன்றும் செய்ய முடியாது. பெட்டியைப் பிரிப்பதென்றால் வியாழக்கிழமைக்குள் ஆகாது. பிரஷர் இப்போது ஏறுவதால் மிச்சமிருக்கிற தட்டு ஒரு தடவை பிடிக்கலாம், பிடிக்காமலும் போகலாம். சத்தியமெல்லாம் செய்யமாட்டேன் என்றான். வில்மாவை மட்டும் தனியாகக் கூப்பிட்டு, "நீயே ஓட்டு. தாஜா பண்ணாத. போறதா இருந்தா அது போறது உனக்குத் தெரியணும்," என்றான். வியாழக்கிழமை அவனே தன் டிரக்கில் பின்னால் வருவதாகவும் சொன்னான். எஸ்டில் வேண்டாமென்று வாயெடுத்தான். கோரின் முந்திக்கொண்டு, "வா ஹோபர்ட்டு," என்றாள். கல்யாணமான நாளிலிருந்து வெளியாள் ஒருவரிடம் அவள் வாங்கிக்கொண்ட முதல் உதவி அதுவாகத்தான் இருக்கும்.

அந்தப் பயணத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போனார்கள். கியர் மாறும் ஒவ்வொரு இடத்திலும் கோரினின் மாவுக்கட்டுக் கால் தானாக மேலே எழும்பியது. அவள் அதைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். படகு முனகியது, உதறியது. ஆனால் ஏறிவிட்டது. உச்சியில் வில்மா ஹார்னை அடித்தாள், பின்னால் ஹோபர்ட் பதிலுக்கு அடித்தான். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது கோரின், எல்லாம் முடிந்துவிட்டது, இனி பயமில்லை என்றுதான் நினைத்தாள்.

நடைச் சோதனை ஆஸ்பத்திரியின் நீளமான நடைபாதையில் நடக்கும். விரலில் ஒரு கருவியை மாட்டி, குறிப்பிட்ட நேரம் போகவர நடக்கச் சொல்வார்கள். ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு இறங்குகிறது என்று பார்ப்பார்கள். இதற்கு முன்னால் ஒவ்வொரு முறையும் சிலிண்டர் வண்டியை கோரின்தான் இழுத்துக்கொண்டு கூடவே நடப்பாள். "சக்கரம் கொஞ்சம் கோணல், எனக்குத்தான் பழக்கம்," என்று நர்ஸிடம் சொல்வாள். இன்று அவள் ஊன்றுகட்டைகளோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். வண்டியை நர்ஸ் வாங்கிக்கொண்டாள்.

"இன்னைக்கு எப்படி இருக்கீங்க மிஸ்டர் மேகார்டு?"

"குறையொண்ணும் இல்லம்மா. முட்டிதான் கொஞ்சம் வலி."

நர்ஸ் நடந்தாள், சாதாரணமாக நடக்கிறவர்கள் நடக்கிற மாதிரி. எஸ்டில் அவளோடு நடந்தான். போகும்போது முதுகு நிமிர்ந்திருந்தது. திரும்பி வரும்போதுதான் கோரின் அவன் முகத்தைப் பார்த்தாள். இத்தனை வருஷமும் அவன் பக்கத்தில் நடந்தாளே தவிர, அவன் நடந்து வருவதை எதிரிலிருந்து பார்த்ததேயில்லை. உதடு நீலமாகியிருந்தது. அவன் கண் அவளைத் தேடியது. கண்டுபிடித்து, கெஞ்சியது.

என்ன கேட்கிறான் என்று அவளுக்கு அந்த நொடியில் புரிந்துவிட்டது. இந்த இடத்தில் அவள் வழக்கமாக நிற்பாள். சக்கரம் மாட்டிக்கொண்டது என்று குனிவாள். சுவரில் மாட்டியிருக்கும் படத்தைக் காட்டி நர்ஸிடம் ஏதாவது கேட்பாள். அதற்குள் அவனுக்கு மூச்சு திரும்பிவிடும். விரல் கருவியில் எண் இறங்கவே இறங்காது. முட்டிவலியால் மெதுவாக நடக்கிறார், ஆக்சிஜன் பரவாயில்லை என்று லெக்சிங்டனுக்குப் பெயரை அனுப்பாமல் டாக்டர் ஒவ்வொரு முறையும் எழுதிவைத்தது எதனால் என்று இப்போது கோரினுக்குத் தெரிந்தது. அவள் திட்டம் போட்டுச் செய்ததில்லை. அவளுடைய கால் செய்ததைப் போலவே, அவளுக்குத் தெரியாமலே செய்திருக்கிறாள். அவனைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு செய்திருக்கிறாள்.

இப்போதும் ஒரு வார்த்தை போதும். சிஸ்டர், அந்தச் சக்கரத்தைக் கொஞ்சம் பாருங்க.

"அண்ணி, அண்ணன் மூஞ்சியப் பாரு! நிறுத்தச் சொல்லு!" வில்மா எழுந்துவிட்டாள்.

"சும்மா இரு வில்மா."

"செத்துருவாரு அண்ணி!"

"உக்காரு!"

நாற்காலியின் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். எஸ்டில் இன்னும் சில எட்டு வைத்தான். சுவரைப் பிடித்தான். பிறகு முட்டி மடிந்து அப்படியே தரையில் உட்கார்ந்தான். கருவி கீச்கீச்சென்று கத்தியது. அறைக்குள்ளிருந்து டாக்டர் ஓடிவந்தார்.

கட்டிலில் போட்டு, முகமூடி மாட்டி, அவனுக்கு நிறம் திரும்ப வெகுநேரம் ஆனது. டாக்டர் பழைய எண்களையும் இன்றைய எண்ணையும் மாறிமாறிப் பார்த்தார். "இவ்வளவு இறங்கியிருக்கா... இதை ஒரு வருஷம் முன்னாடி பார்த்திருந்தா, லெக்சிங்டன்ல..." என்று ஆரம்பித்தவர் கோரினின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். இன்றே பேசுகிறேன், இடம் கிடைக்குமா என்று உறுதி சொல்ல முடியாது, உடம்பு ஆபரேஷனைத் தாங்குமா என்றும் அவர்கள்தான் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, போன் செய்யப் போனார்.

எஸ்டில் முகமூடியை விலக்கினான்.

"ஏன் கோரின் என்னை நிறுத்தல?"

"இத்தன நாளா நிறுத்திக்கிட்டே இருந்தேனே எஸ்டிலு," என்றாள். வாய்விட்டு அழுதாள்.

அவன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். அவள் அவனுடைய கையைப் பிடித்தாள். அவன் அதை இழுத்துக்கொள்ளவில்லை, இறுக்கிப் பிடிக்கவும் இல்லை. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் டாக்டர் போனைக் காதில் வைத்து, லெக்சிங்டனில் யாராவது எடுப்பதற்காகக் காத்துக்கொண்டிருந்தார்.